மணல் குடித்த எண்ணெய்

போன மாதம் மருமகனின் காரை ஆயில் மாற்ற விட்டிருந்தோம். மணலி போகிற சாலையில் இருக்கிற பட்டறை. மருமகன் கைபேசியில் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். எனக்குத் தெரியாதவர்களோடு பேச்சுக் கொடுக்க வராது. ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் பையன் இன்ஜினிலிருந்து அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்தான். துணியில் பட்ட எண்ணெய் கரியாக இருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“ரொம்பக் கெட்டுப்போச்சாப்பா?”

“டீசல் வண்டி நைனா இது,” என்றான். “புது ஆயில் ஊத்தி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தாலே கருப்பாயிடும். உள்ள கீற கரிய அது இஸ்துக்குது, அவ்ளோதான். கலரப் பாத்து மாத்தக் கூடாது. வண்டி புக்குல போட்டுகீற கிலோமீட்டர் வந்தா மாத்தணும். ஓடாம நின்னுகினு இருந்தா வருசத்துக்கு ஒரு தபா.”

“பழைய எண்ணெய என்ன பண்ணுவீங்க?”

அவன் மூலையில் இருந்த பீப்பாயைக் காட்டினான். “அதுல ஊத்தி வெப்போம். ஆளு வந்து எடுத்துக்கினு போவாங்க. காய்ச்சி வடிச்சித் திரும்ப எண்ணெ ஆக்குவாங்களாம். கீய தரையில ஊத்துனா அவ்ளோதான், ஃபைன் போட்டு ஷெட்ட மூடிருவாங்க.”

அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் சாதாரணமாகச் சொன்ன இந்த இரண்டு விஷயமும் தெரியாமல் என் சின்ன வயதில் எங்கள் சந்தின் கிணறு போனது. ஒரு குடும்பமும் போனது. கிணற்றைப் பற்றி நாங்கள் எப்போதாவது பேசுவோம். அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசமாட்டோம். என்னோடு அந்த மணலில் விளையாடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இது ஞாபகம் இருக்கும்.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் சந்து. இப்போது பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மீதியில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. அன்று சந்து முழுக்க மணல்தான். வெயில் நேரத்தில் ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்குக் குதித்துக் குதித்துப் போவோம். காலையில் கருவாட்டு வாசனை வரும். சாயங்காலம் காற்று திரும்பினால் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனிகளின் வாசனை வரும். ஒன்று அழுகிய முட்டை மாதிரி, ஒன்று சுட்ட ரப்பர் மாதிரி. எந்த வாசனை வந்தால் எந்தக் கம்பெனி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவோம்.

சந்தின் நடுவில், எங்கள் வேலியை ஒட்டினாற்போல, சிமெண்ட் உறை இறக்கிய கிணறு. ஆழம் அதிகம் இல்லை. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்தத் தண்ணீர் மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். மழை மணலில் இறங்கி அங்கே வந்து சேருகிறது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்தத் தண்ணீரில் வேகிற பருப்பு தனியாகக் குழைந்து வரும். வேறு தெருவில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால், அம்மா முதலில் அவர்கள் தண்ணீரைத்தான் குறை சொல்லுவாள்.

அப்பா காசிமேட்டு மீன் முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டினார். கடலுக்குப் போகிற சந்தில் கடலுக்குப் போகாத ஆள். எதிர் வரிசையில் இருந்த படகுக்காரர் அதை விடவே மாட்டார். அப்பா வேலை முடிந்து வந்து இறங்கினால் கரையிலிருந்தே கேட்பார்.

“இன்னாப்பா, இன்னிக்கு ரோட்ல வல போட்டியே, எத்தினி லாரி மாட்டிச்சி?”

“ரெண்டு கெண்ட லாரி, ஒரு வவ்வாலு பஸ்ஸு,” என்பார் அப்பா. படகுக்காரர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

முதலாளி வீட்டுத் தெருவில் இடமில்லாததால் கார் எங்கள் சந்து முனையில்தான் நிற்கும். வெள்ளை அம்பாசிடர். ஞாயிற்றுக்கிழமை அதைக் குளிப்பாட்டுவதே அப்பாவுக்குப் பொழுது. பனியன் கம்பெனியில் கழிக்கிற வண்ண வண்ணத் துணிக் கிழிசல் ஒரு மூட்டை வைத்திருப்பார். அதில் துடைப்பார், பிறகு வேட்டி முனையில் துடைப்பார், அம்மா திட்டுவாள்.

எதிர்வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. புளியந்தோப்பிலிருந்து வந்தவர்கள். அவர் சாலையில் இருந்த கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். காக்கிச் சட்டையோடு போய்வருவார். சந்தில் எல்லாரும் அவரைக் கம்பெனிக்காரர் என்றோம். நான் மாமா என்பேன், அவர் மனைவியை அத்தை என்பேன். எங்கள் சந்தில் எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்று. பெண் கொடுத்து வாங்கினவர்கள். வெளி ஆள், அதிலும் புளியந்தோப்பு ஆள் என்றால், யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அத்தை கிணற்றடிக்கு வந்தால் வாளி வேறொருத்தியின் கைக்குப் போய்விடும். அவள் காத்துக்கொண்டு நிற்பாள். சின்னப் பையனான எனக்கு அது பெண்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

அம்மாதான் ஒருநாள் வாளியைப் பிடுங்கி அத்தையின் கையில் கொடுத்தாள்.

“கெணறு இன்னா ஒங்க நைனா வெட்டி வெச்சதா? அது பாட்டுக்கு ஊறுது. இந்தாம்மா, நீ மொண்டுக்க.”

அதிலிருந்து அத்தையும் மொண்டுகொண்டாள். அந்த வாளிக்குப் பிறகுதான் அந்தக் குடும்பம் சந்தில் உண்மையாகக் குடிவந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கம்பெனிக்காரருக்கும் அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காரின் முன்பக்க பம்பரில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். “மாமு” என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். படகுக்காரரும் சில நாள் வந்து குந்துவார்.

அந்த வருஷம் மழை விட்ட பிறகு, முதலாளி காரின் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் போட்டார். அப்பா அதுவரை பெட்ரோல் வண்டிதான் ஓட்டியவர். அவருடைய கணக்கு ஒன்று உண்டு. கம்பியை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தால் இன்ஜினுக்கு நல்ல நேரம். கறுத்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் வண்டியில் அந்தக் கணக்கு எப்படியோ ஓடியது. டீசல் வந்ததும் அப்பாவுக்கு நிம்மதி போயிற்று.

“நேத்து ஊத்துன எண்ணெ மாமு,” என்று கம்பியைக் கம்பெனிக்காரரிடம் நீட்டுவார். “இன்னிக்குப் பாரு, கண்ணு மை மாறி கீது. இன்னா இன்ஜின்டா இது, எண்ணெய இப்டி நாசம் பண்ணுது.”

“அதுக்காக தெனமும் மாத்துவியா நீ?”

“பின்ன? கலீஜ் எண்ணெய வெச்சிகினு ஓட்டுனா இன்ஜின் ஜாம் ஆயிடும். அப்பால மொதலாளி என்ன ஜாம் பண்ணுவாரு.”

முதலாளிக்கு விசைப்படகும் இருந்தது. அவர் கொட்டகையில் எண்ணெய்ப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். அப்பா கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். அதனால் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆயில் மாற்றினார். சில வாரம் நடுவிலும் ஒருமுறை. வண்டியைச் சூடு பண்ணி, அடியில் படுத்து, கீழே இருக்கிற நட்டைக் கழற்றுவார். எண்ணெய் கறுப்புக் கயிறாக, வளையாமல் ஒடியாமல், தகர டின்னுக்குள் இறங்கும். அதிலிருந்து ஆவி கிளம்பும். அந்த வாசனை எனக்கு அப்போது பிடிக்கும். அப்பாவின் வாசனையே அதுதான்.

முதலில் அந்தப் பழைய எண்ணெய்க்கு ஆட்கள் போட்டி போட்டார்கள். படகுக்காரர் படகின் பலகைக்குப் பூச வாங்கிப் போனார். சிலர் கரையான் வராமல் இருக்கக் கூரைக் கால்களுக்குப் பூசினார்கள். கம்பெனிக்காரரும் ஒரு சொம்பில் வாங்கிப் போய் வாசல் நிலைக்குத் தடவினார். சந்தில் பாதி வீட்டுக் கதவு கறுப்பாகிவிட்டது. அப்புறம் எல்லாருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. எண்ணெய் மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. சாக்கடை கிடையாது. கடலில் ஊற்றினால் வலைக்கு ஆகாது என்று கரையில் சண்டைக்கு வருவார்கள்.

அப்பா எங்கள் வேலி ஓரத்தில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், மணலில் ஒரு குழி பறித்தார். அதில் ஊற்றினார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் குழி காலி. அடியில் மணல் கறுப்பாகப் பளபளக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அது பெரிய அதிசயம். சந்துப் பிள்ளைகள் எல்லாம் குழியைச் சுற்றி நின்று அது குடிப்பதைப் பார்ப்போம்.

“மணலு எத்தினி ஊத்துனாலும் குடிச்சிடும்,” என்பார் அப்பா. யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. குழிக்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்தோம்.

மாசி மாதம் இருக்கும், அம்மா வடித்த சோற்றில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ஸ்டவ்விலிருந்து பட்டிருக்கும் என்று பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி வடித்தாள். மறுபடியும் அதே வாடை. பக்கத்து வீட்டிலும் அப்படியே. கிணற்றில் வாளியை விட்டு இழுத்தால் தண்ணீர் மேல் மெல்லிசாக ஒரு படலம், மயில் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும் பச்சையும். கம்பெனிக்காரரின் மகளும் நானும் அந்த வாளியைச் சாய்த்துச் சாய்த்து நிறங்களை ஓடவிட்டோம். எனக்குத் தெரிந்து அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. அத்தை வந்து வாளியைக் கவிழ்த்துவிட்டு எங்கள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

யார் செய்தது என்று சந்தில் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது. கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தது, அது கம்பெனி. உலர்த்தின துணியில் கறுப்புப் பொடி, அது கம்பெனி. பிள்ளைகளுக்கு இருமல், அது கம்பெனி. அதெல்லாம் பொய்யும் இல்லை. அதனால் கிணறும் கம்பெனி என்று முடிவாகிவிட்டது. படகுக்காரர் மணலில் கோடு போட்டே காட்டினார்.

“அவன் உள்ள ஊத்துறான். பூமிக்கு அடியிலயே வந்து இங்க மொளைக்குது. மேல வந்தா மாட்டிக்குவான்ல?”

சந்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி வாசலில் போய் உட்காருவது என்று பேச்சு. கம்பெனிக்காரர் ஓரமாக நின்றார். ஏதாவது சொல்லுவார் என்று எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில், ஷிஃப்ட் முடித்து வந்தவர், வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வேலிக்கு வந்தார். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“மாமு, தப்பா எடுத்துக்காத. கெணத்துத் தண்ணிய மோந்து பாத்தேன். எங்க கம்பெனி தண்ணி வேற மாறி நாறும். கண்ணு எரியும். இது ஒன்னோட டின்னு நாத்தம். அந்தக் குயிய மூடிடு.”

அப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “இன்னா மாமு சொல்ற? நான் ஊத்துறது நாலு லிட்டரு. ஒங்காளு லாரி லாரியா ஊத்துறான்.”

“ஊத்துறான். நான் இல்லன்னு சொல்லல. இது அது இல்ல.”

“கம்பெனில சொல்லி அனுப்புனாங்களா?”

கம்பெனிக்காரர் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு, “எனக்கு ஒன்னும் இல்ல மாமு, புள்ளைங்க குடிக்குது,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அப்பா அதை மறைத்திருந்தால்கூட இப்போது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்காது. அவர் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே கரையில் எல்லாரிடமும் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னார்.

“கேட்டியா சேதிய, என் நாலு லிட்டரு எண்ணெதான் கெணத்தக் கெடுத்திச்சாம். நம்ப கம்பெனிக்காரரு கண்டுபுட்ச்சிகீறாரு.”

கரையே சிரித்தது. படகுக்காரர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “அப்ப ஒன் கார வுட்டு எறங்கு, ஒனக்கு எதுக்கு காரு, பெரிய கம்பெனியே வெச்சிகினு கீற.” அன்று ராத்திரி வரை அப்பாவைச் சந்தில் எல்லாரும் “முதலாளி” என்று கூப்பிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். கிணறு எதனால் கெட்டது என்பதற்கான பதில் அவ்வளவு வெளிச்சத்தில் எல்லார் முன்னாலும் வைக்கப்பட்டது. கொண்டுவந்த ஆள் காக்கிச் சட்டைக்காரர் என்பதால் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல ஆயில் மாற்றி, வழக்கம்போலக் குழியில் ஊற்றினார். கம்பெனிக்காரர் பம்பரில் உட்கார வரவில்லை.

அம்மா மட்டும் ராத்திரிச் சோறு போடும்போது கேட்டாள். “அவரு சொன்னத கொஞ்சம் பாத்தா இன்னா?”

“நீயும் ஆரம்பிச்சிட்டியா,” என்றார் அப்பா.

கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பெண்கள் காலிக் குடங்களோடு போனார்கள். அப்பா முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். கம்பெனி தன் மேல் தப்பில்லை என்றே சொன்னது. ஆனாலும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எழுப்ப, தினம் ஒரு தண்ணீர் லாரி அனுப்புவதாக ஒத்துக்கொண்டது. சந்தில் அன்று பட்டாசு வெடித்தார்கள்.

கம்பெனிக்காரருக்கு மட்டும் இரண்டு பக்கமும் அடி விழுந்தது. அந்தச் சந்தில் குடியிருப்பவன்தான் ஆட்களைத் தூண்டிவிட்டிருப்பான் என்று கம்பெனியில் நினைத்து, அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சந்தில் அவர் கம்பெனிக்குப் பேசிய ஆள். லாரி வந்தால் குடங்கள் வரிசையாக நிற்கும். அத்தையின் குடம் எங்கே வைத்தாலும் கடைசிக்குப் போய்விடும். அவள் முறை வரும்போது குழாயில் காற்றுதான் வரும்.

“கம்பெனித் தண்ணி கம்பெனிக்காரிக்கு இல்லாமலா, போய் அங்கியே கேளு,” என்று ஒருத்தி சொன்னாள். அம்மா அன்று வரிசையில் இருந்தாள். வாளியைப் பிடுங்கிக் கொடுத்த அதே அம்மா. அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அப்பா முன்வரிசையில் நின்று வாங்கித் தந்த தண்ணீர் என்பதால் வாய் திறக்க முடியவில்லை போலும்.

பங்குனி முடிவதற்குள் அவர்கள் வீட்டைக் காலி பண்ணினார்கள். மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் சாமான் ஏற்றினார்கள். பாயும் இரும்புக் கட்டிலும் ஏற்றிய பிறகு மகளை மேலே உட்காரவைத்தார்கள். அவள் என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். நான் கை ஆட்டவில்லை. ஆட்டலாமா என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவும் நான் பார்த்தபோது வண்டி சாலைக்கு ஏறிவிட்டது.

லாரி வந்தாலும் கிணற்றை விட மனசில்லை. சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் தூர் வார ஆள் கூட்டிவந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்து ஆள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீரையெல்லாம் இறைத்து, சேற்றையெல்லாம் வாரி மேலே அனுப்பினார். கிணறு காலியானதும் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“மேல யாரு? இந்தப் பக்கம் இன்னா கீது?”

“எந்தப் பக்கம்?” என்றார் படகுக்காரர்.

“உங்களுக்கு சோத்தாங்கைப் பக்கம். உறை மூட்டுல கருப்பா எறங்குது. மத்த மூணு பக்கமும் தண்ணி பளிங்கு மாறி கீது.”

எல்லாரும் சோற்றாங்கைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே எங்கள் வேலி இருந்தது. சாலையும் கம்பெனியும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கீழே இருந்தவர் ஒரு கை மணலைக் கூடையில் போட்டு அனுப்பினார். படகுக்காரர் அதை எடுத்துத் தேய்த்தார், மோந்தார். தன் படகில் எத்தனையோ தரம் பூசின வாசனை அவருக்குத் தெரியாதா. அவர் அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா மோந்து பார்க்கவில்லை. அவர் முகத்தில் வியர்வை அப்படியே நின்றது.

அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. படகுக்காரர்தான் பேசினார்.

“ஆச்சி. ஆனது ஆச்சி. குயியத் தூத்துடு. இத்த யாரும் வெளிய பேசக் கூடாது. தெரிஞ்சா நாளிக்கே லாரிய நிறுத்திடுவான். நம்ப பொம்பளைங்க எங்க போவாங்க தண்ணிக்கு?”

“கம்பெனிக்காரரு?” என்றாள் அம்மா.

தூர் வாருகிறவர் மேலே ஏறி வந்து, கால் கழுவத் தண்ணீர் கேட்டார்.

அப்பா குழியைத் தூர்த்தார். அதன் பிறகு வீட்டில் ஆயில் மாற்றியதில்லை. முதலாளியின் கொட்டகையில் மாற்றினார். அங்கே எங்கே ஊற்றினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் வாராவாரம் மாற்றுவதை நிறுத்தவில்லை. கறுத்தால் கெட்டது என்றே கடைசிவரை நம்பினார். மாற்றத் தேவையே இல்லாத எண்ணெய் அது என்று அவருக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. சொல்லக்கூடியவன் போன மாதம்தான் என் முன்னால் வந்து நின்றான்.

ஆடியில் ஒரு மதியம் அப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு சடையங்குப்பம் போனார். கம்பெனிக்காரர் அங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாழ்வான இடம். ஆடியிலேயே ரோட்டோரம் சேறு நின்றது. கீற்று வீடுகள் ஒரு வரிசை. வாசலில் அவர் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை இல்லை. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“வா மாமு,” என்றார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அவர்கள் மகள் வீட்டில் இல்லை. தண்ணீருக்குப் போயிருக்கிறாள் என்றார்.

அப்பா நின்றுகொண்டே சொன்னார். “கெணறு தூர் வாரினோம் மாமு. நீ சொன்னதுதான். என் குயிதான்.”

“தெரியும்,” என்றார் அவர். செயினை விடாமல் மாட்டிக்கொண்டே இருந்தார்.

“வந்துடு. வூடு காலியாதான் கீது. நான் பேசிக்கிறேன்.”

“வரேன். சந்துல எல்லாரயும் வெச்சி ஒரு வார்த்த சொல்லிடு. கம்பெனி வாசல்லயும் சொல்லு. எனக்கு வேல திரும்பக் கெடைக்கும். என் பொண்டாட்டி தலைய நிமுத்தி நடப்பா. அவ்ளோதான் நான் கேக்குறது.”

அப்பா தரையைப் பார்த்தார். “சந்துல எல்லாருக்கும் தெரியும் மாமு. கம்பெனில சொன்னா தண்ணி லாரி நின்னுடும்.”

கம்பெனிக்காரர் செயினை மாட்டி முடித்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சக்கரம் நிற்கும் வரை பார்த்தார். “அப்ப வேணாம் மாமு. புள்ளைங்க குடிக்கிற தண்ணி. உட்டுடு.”

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “அது அவரு சொல்றது. நான் சொல்லல.”

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை வெளியே வரவில்லை. திரும்பி வரும்போது மணலியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் முழுக்கப் போய் முடிந்தும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

சில வருஷம் லாரித் தண்ணீர் வந்தது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தச்சுப் பட்டறைக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம், சந்துக்குக் குழாய் வந்தது. சர்க்கார் தண்ணீர். திறந்துவிட்ட காலையில் எல்லாரும் குழாயடியில் நின்றார்கள். லாரி இனி வராது என்று கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். யாரும் அதற்காக வருத்தப்படவில்லை.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். “இனிமே லாரிக்குப் பயப்பட வேணாமில்ல. போய்ச் சொல்லிட்டு அவங்களக் கூட்டிக்கினு வா.”

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினார். சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார். கால் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

“முன்ன இருந்த வரிசையே இல்ல,” என்றார். “மழையில போய்டிச்சாம். மேட்டுல வேற வூடுங்க கீது. வூடு வூடா கேட்டேன். யாருக்கும் தெர்ல.”

“இன்னான்னு கேட்ட?”

“கம்பெனிக்காரரு வூடு எதுன்னு கேட்டேன்.”

அம்மா அவரையே பார்த்தாள். “கம்பெனில இருந்துதான் தொரத்த வெச்சிட்டோமே. அங்க யாரு அவர கம்பெனிக்காரருன்னு சொல்லுவாங்க? பேரச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே?”

அப்பா காலைக் கழுவப் பின்பக்கம் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேர் சொல்லிக் கேட்டுவர அவர் போவார் என்று அம்மா காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அப்பா அன்று நாள் முழுக்கக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.